முதலாண்டு வகை நுண்கணிதம்: புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் பருவத்திலேயே வகை நுண்கணிதத்தை எடுத்துத் தடுமாறுகிறவர்களில் பலர், எல்லை, வகைக்கெழு போன்ற புதிய கருத்துகள் பிடிபடாததுதான் தங்கள் சிக்கல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். திருத்தப்பட்ட விடைத்தாள்களைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். வகையிடும் வரி, அதாவது வகைக்கெழுவைக் காணும் வரி, பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதற்கு அடுத்த வரியில் பின்னத்தைச் சுருக்கும்போதோ அடைப்புக்குறியை விரிக்கும்போதோ கணக்கு கவிழ்ந்திருக்கும். இந்தப் பாடத்தைச் சிரமப்பட்டுத்தான் நானும் கடந்தேன். எதை எந்த வரிசையில் படித்திருந்தால் அந்தச் சிரமம் பாதியாகக் குறைந்திருக்கும் என்பது பாடம் முடிந்த பிறகே விளங்கியது. அந்த வரிசையை, பாடத்தை இனிமேல் தொடங்கப்போகிறவர்களுக்காகக் கீழே எழுதுகிறேன். பள்ளியில் நுண்கணிதம் ஓரளவு படித்துவிட்டு வருகிறவர்கள் முதல் படியையும் மூன்றாம் படியையும் வேகமாகப் படித்துக் கடக்கலாம். இரண்டாம் படியை மட்டும் யாரும் தாண்டிச் செல்ல வேண்டாம்.

1. பதிவு செய்வதற்கு முன்பே தாள்களைத் திரட்டுங்கள்

உங்கள் கையில் இருக்க வேண்டியவை நான்கு: பாடத்திட்டம், மதிப்பெண் பகிர்வு, கடந்த சில ஆண்டுகளின் வினாத்தாள்கள், தேர்வறைக்குள் எவற்றைக் கொண்டுசெல்லலாம் என்ற விதிமுறை. முதல் இரண்டும் துறையின் அறிவிப்பிலேயே இருக்கும். வினாத்தாள்களை நூலகத்திலோ மூத்த மாணவர்களிடமோ கேட்டுப் பெறலாம். நான்காவதைப் பலரும் தேர்வுக்கு முந்தைய வாரத்தில்தான் தேடுகிறார்கள். அதற்குள் அனுமதியில்லாத கணிப்பானைப் பணம் கொடுத்து வாங்கியிருப்பார்கள். குறியீட்டு முறையில் தானாகவே வகையிட்டுத் தரும் கணிப்பான்களையும் வரைபடக் கணிப்பான்களையும் பல இடங்களில் தேர்வறைக்குள் விடுவதில்லை. சில இடங்களில் கணிப்பானே கூடாது. ஆகவே விதிமுறையைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஒரே பல்கலைக்கழகத்திலேயே நுண்கணிதம் பல வகுப்புகளாக நடத்தப்படுவது வழக்கம். கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுப்பவர்களுக்கு நிரூபணங்களோடு ஒன்று இருக்கும். பொறியியல், இயற்பியல் மாணவர்களுக்குக் கணக்கீட்டுக்கு முதலிடம் தரும் ஒன்று இருக்கும். வணிகவியல், உயிரியல் மாணவர்களுக்கு முக்கோணவியல் குறைந்த இன்னொன்று இருக்கும். எளிது என்று கேள்விப்பட்டு மூன்றாவதில் பதிவு செய்துவிட்டுப் பின்னர் துறையை மாற்ற நினைத்தால், அடுத்த கணிதப் பாடத்துக்கு அது முன்தகுதியாக ஏற்கப்படாமல் போகலாம். அப்போது அதே பாடத்தை வேறு பெயரில், மீண்டும் கட்டணம் கட்டிப் படிக்க நேரிடும். பாடத்தை மாற்றிக்கொள்ளவும் கைவிடவும் கடைசி நாள் எது என்பதையும் இப்போதே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அந்த நாளுக்கு முன்பாக ஒரு சிறுதேர்வாவது நடந்து மதிப்பெண் வந்துவிடுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் நிலை உங்களுக்கே தெரியாமல் தொடர்வதா விலகுவதா என்று முடிவெடுக்க முடியாது.

பாடநூலைப் பொறுத்தவரை, புதிய பதிப்பை அவசரப்பட்டு வாங்காதீர்கள். இந்தப் பாடத்தின் உள்ளடக்கம் பதிப்புக்குப் பதிப்பு பெரிதாக மாறுவதில்லை. பயிற்சிக் கணக்குகளின் எண்கள்தான் மாறும். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு, வீட்டுப்பாட எண்களை மட்டும் நண்பரின் புதிய நூலோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் வீட்டுப்பாடம் பதிப்பகத்தின் இணையதளத்தில் நடக்கிறது என்றால் நிலைமை வேறு. அதற்கான நுழைவுக் குறியீடு பொதுவாக ஒருமுறைக்கு மட்டுமே செல்லும். பழைய புத்தகத்தோடு வரும் குறியீட்டை முன்பிருந்தவர் பயன்படுத்தியிருக்கவே வாய்ப்பு அதிகம். அத்தகைய வகுப்பில் குறியீட்டைத் தனியாக வாங்க முடியுமா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். பாடநூல் கட்டாயம் இல்லை என்றால் செலவே தேவையில்லை. ஓபன்ஸ்டாக்ஸ் வெளியிட்டிருக்கும் நுண்கணித நூலின் முதல் தொகுதியை எவரும் இலவசமாகப் பதிவிறக்கலாம். முதலாண்டு வகை நுண்கணிதத்துக்குத் தேவையானவை அதில் இருக்கின்றன. வரைபடம் பார்க்க டெஸ்மோஸ், ஜியோஜீப்ரா ஆகிய இரண்டில் எது இருந்தாலும் போதும். மாணவருக்கு இரண்டும் இலவசம்.

2. வகுப்பு தொடங்குமுன் இயற்கணிதத்தைச் சரிசெய்யுங்கள்

எவரும் செய்ய விரும்பாத படி இது; பலன் அதிகம் தருவதும் இதுதான். வகுப்பு தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்ள, கீழே உள்ள ஐந்தையும் கணிப்பான் இல்லாமல், பதினைந்து நிமிடத்துக்குள் ஒரு தாளில் செய்து பாருங்கள்.

• (3 + ஹெச்)² − 9 என்பதை ஹெச்சால் வகுத்துச் சுருக்குங்கள். விடை: 6 + ஹெச்.
• √(4 + ஹெச்) − 2 என்பதை ஹெச்சால் வகுத்து, தொகுதியில் மூலக்குறி இல்லாதபடி மாற்றுங்கள். விடை: தொகுதி 1, பகுதி √(4 + ஹெச்) + 2.
• 1/(எக்ஸ் + ஹெச்) − 1/எக்ஸ் என்பதை ஒரே பின்னமாக்குங்கள். விடை: தொகுதி −ஹெச், பகுதி எக்ஸ்(எக்ஸ் + ஹெச்).
• எக்ஸ்³ என்பதன் வர்க்கமூலத்தின் தலைகீழியை எக்ஸின் ஒற்றை அடுக்காக எழுதுங்கள். விடை: எக்ஸின் அடுக்கு −3/2.
• சைன் எக்ஸ் = 1/2 என்பதற்கு 0 முதல் 2பை வரை உள்ள தீர்வுகளை ரேடியனில் எழுதுங்கள். விடை: பை/6, 5பை/6.

முதல் மூன்றையும் நான் ஏதோ போகிறபோக்கில் எடுக்கவில்லை. நான்காம் படியில் வகைக்கெழுவை வரையறையிலிருந்து காணும்போது நீங்கள் எழுதவேண்டிய வரிகளே அவை. இவற்றில் தடுமாறுகிறவர் அங்கே போய் எல்லையைக் குறைசொல்வதில் பயனில்லை.

தவறுகளிலும் சில திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டு எண்களின் கூட்டலை வர்க்கமூலத்துக்குள் வைத்துவிட்டுத் தனித்தனியாக மூலம் எடுப்பது ஒன்று: 9 + 16 என்பதன் மூலம் 5, தனித்தனியாக எடுத்தால் 7 வரும். 1/(எக்ஸ் + 2) என்பதை 1/எக்ஸ் + 1/2 என்று பிரிப்பது இன்னொன்று: எக்ஸ் 2 என்றால் முதலாவது 1/4, இரண்டாவது 1. பின்னத்தின் தொகுதியில் கூட்டல் இருக்கும்போது ஒரே ஓர் உறுப்பை மட்டும் பகுதியோடு அடித்துவிடுவது மூன்றாவது. எந்த வரியில் ஐயம் வந்தாலும் எக்ஸுக்கு 2 அல்லது 3 என்று ஒரு சிறிய எண்ணைப் பொருத்தி, மேல் வரியும் கீழ் வரியும் ஒரே மதிப்பைத் தருகின்றனவா என்று பாருங்கள். 0, 1 ஆகிய இரண்டையும் தவிருங்கள். தவறான சமன்பாடுகள்கூட அந்த இரண்டு எண்களில் தற்செயலாகச் சரியாகிவிடுவதுண்டு.

முக்கோணவியலில் முழு நூலும் தேவையில்லை. ரேடியன் அளவு, ஓரலகு வட்டம், சைன் வர்க்கமும் கோசைன் வர்க்கமும் சேர்ந்தால் 1 என்ற முற்றொருமை, இரு கோணங்களின் கூட்டல் வாய்பாடு ஆகியவை போதும். மடக்கை விதிகளையும் அடுக்கு விதிகளையும் பார்க்காமல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

3. எல்லையை முதலில் அட்டவணையாகப் பாருங்கள்

எல்லையின் முறையான வரையறையை முதல் நாளிலேயே மனப்பாடம் செய்யத் தொடங்காதீர்கள். ஒரு சார்பின் உள்ளீடு ஓர் எண்ணை நெருங்கும்போது வெளியீடு எதை நெருங்குகிறது என்ற கேள்விக்குக் கணிப்பானை வைத்து விடை தேடுங்கள். சைன் எக்ஸை எக்ஸால் வகுத்துப் பாருங்கள். எக்ஸ் 0.1 என்றால் 0.99833 வரும், 0.01 என்றால் 0.99998 வரும். எக்ஸ் சுழியாகவே இருந்தால் 0/0 என்று பொருளற்றுப்போகும். எல்லை 1 என்று சொல்லும்போது, சுழியில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நாம் எதுவும் சொல்லவில்லை. அதை நெருங்கும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் சொல்கிறோம். இந்த வேறுபாடு தெளிவாகிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

அதே கணக்கைச் செய்யும்போது உங்களுக்கு 0.01745 என்று வந்தால், கணிப்பான் பாகை முறையில் இருக்கிறது என்று பொருள். பருவம் முழுவதும் அதை ரேடியனிலேயே வைத்திருங்கள். சைனின் வகைக்கெழு கோசைன் என்பதே ரேடியனில் மட்டும்தான் உண்மை.

கணிப்பானை எல்லைமீறி நம்பவும் கூடாது. 1-இலிருந்து கோசைன் எக்ஸைக் கழித்து எக்ஸின் வர்க்கத்தால் வகுத்தால், எக்ஸ் 0.1 ஆக இருக்கும்போது 0.49958 வரும்; உண்மையான எல்லை 1/2. ஆனால் எக்ஸுக்கு 0.00000001 என்று கொடுத்தால் கணிப்பான் சுழி என்று காட்டும். அவ்வளவு சிறிய கோணத்தின் கோசைனை அது 1 என்றே முழுமையாக்கிவிடுவதுதான் காரணம். அட்டவணை விடையை ஊகிக்கத்தான் உதவும். தேர்வில் இயற்கணித வழியில் காட்ட வேண்டும்.

வழக்கமான கண்ணிகள் மூன்று. 0/0 என்பதை விடையாக எழுதிவிடுவது முதலாவது. அது இன்னும் வேலை மீதமிருக்கிறது என்பதற்கான அறிவிப்பு மட்டுமே. இரண்டு பக்கமும் பார்க்காமல் விடுவது இரண்டாவது: எக்ஸின் மட்டு மதிப்பை எக்ஸால் வகுத்தால் சுழியின் வலப்பக்கம் 1, இடப்பக்கம் −1, ஆகவே அங்கே எல்லை இல்லை. மூன்றாவது, எல்லைக் குறியை இரண்டாம் வரியிலேயே கைவிட்டுவிடுவது. எக்ஸுக்கு மதிப்பைப் பொருத்தும் வரி வரை அந்தக் குறி ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். கண்டிப்பாகத் திருத்துகிறவர்கள் அதற்கு மதிப்பெண் குறைப்பார்கள்.

4. வகைக்கெழுவை வரையறையிலிருந்து கையால் செய்யுங்கள்

விதிகள் தெரிந்த பிறகு வரையறை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வினாத்தாளில் ‘முதல் கொள்கையிலிருந்து காண்க’ என்று கேட்டால் விதியைப் பயன்படுத்தி எழுதும் விடைக்கு மதிப்பெண் கிடைக்காது. இது சின்னக் காரணம். பயன்பாட்டுக் கணக்குகளில் வகைக்கெழு எதை அளக்கிறது என்பது வரையறையைச் செய்து பார்த்தவர்களுக்கே எளிதில் பிடிபடும். இது பெரிய காரணம்.

எக்ஸ்² என்ற சார்பை எடுத்துக்கொண்டு, எக்ஸ் 3 ஆக இருக்கும் புள்ளியில் நில்லுங்கள். 3-க்கும் 3.1-க்கும் இடையே செல்லும் வெட்டுக்கோட்டின் சாய்வு, 9.61 − 9 என்பதை 0.1-ஆல் வகுத்தது, அதாவது 6.1. 3-க்கும் 3.01-க்கும் இடையே 6.01. 3.001 வரை நெருங்கினால் 6.001. இனி எண்ணுக்குப் பதில் ஹெச் என்று வையுங்கள்: சாய்வு 6 + ஹெச். இரண்டாம் படியின் முதல் கணக்கு இதுவே. ஹெச் சுழியை நெருங்கும்போது வெட்டுக்கோடு தொடுகோடாகிச் சாய்வு 6 ஆகிறது; அந்தச் சாய்வே அந்தப் புள்ளியில் சார்பின் வகைக்கெழு. ஹெச்சை வகுத்து நீக்குவதற்கு முன்னால் சுழியைப் பொருத்தக்கூடாது என்பது மட்டுமே இங்கே நினைவில் வைக்கவேண்டிய விதி.

இதே முறையில் எக்ஸ்², எக்ஸ்³, 1/எக்ஸ், √எக்ஸ் ஆகிய நான்கையும் பொதுவான ஒரு புள்ளியில் செய்து முடியுங்கள். ஐந்தாவதாக, எக்ஸின் மட்டு மதிப்பைச் சுழியில் செய்து பாருங்கள். வலமிருந்து 1, இடமிருந்து −1 என்று வந்து எல்லை இல்லாமல் போகும். தொடர்ச்சியான சார்பு வகையிடத்தக்கதாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை என்ற வாக்கியத்துக்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடையாது. வகையிடத்தக்க சார்பு கட்டாயம் தொடர்ச்சியானது என்ற மறுபக்கத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஐந்துக்கும் ஒரு மாலைப்பொழுது போதும்.

5. விதிகளைக் கற்கும்போது சார்பின் அமைப்பைப் படியுங்கள்

அடுக்கு விதி, கூட்டல் விதி, பெருக்கல் விதி, வகுத்தல் விதி, சங்கிலி விதி என்ற வரிசையில் இவை வரும். விதிகளை மனப்பாடம் செய்ய இரண்டு நாள் போதும். எந்த விதியை எப்போது எடுப்பது என்பதுதான் வாரக்கணக்கில் நேரம் கேட்கும். இந்தப் படியில்தான் உங்கள் உழைப்பின் பெரும்பகுதி செல்ல வேண்டும்.

எந்தச் சார்பைப் பார்த்தாலும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: எக்ஸுக்கு ஓர் எண்ணைக் கொடுத்துக் கணிப்பானில் மதிப்பைக் கண்டால், கடைசியாக நான் செய்யும் செயல் எது? அந்தக் கடைசிச் செயல் பெருக்கல் என்றால் பெருக்கல் விதி முதலில் வரும். வகுத்தல் என்றால் வகுத்தல் விதி. முழுவதையும் ஓர் அடுக்குக்கு உயர்த்துவதோ, முழுவதற்கும் சைன் எடுப்பதோ கடைசி என்றால் சங்கிலி விதி. (3எக்ஸ்² + 1) என்பதை ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்திய சார்பில், கடைசிச் செயல் ஐந்தாம் அடுக்கு. ஆகவே 5-ஐ முன்னால் கொண்டுவந்து, அடைப்பை அப்படியே வைத்து அடுக்கை 4 ஆக்கி, உள்ளே இருப்பதன் வகைக்கெழுவான 6எக்ஸால் பெருக்க வேண்டும். விடை: 30எக்ஸ் × (3எக்ஸ்² + 1)-இன் நான்காம் அடுக்கு. உள்ளே இருப்பதன் வகைக்கெழுவால் பெருக்க மறப்பதுதான் இந்தப் பாடத்தில் மிக அதிகமாக நடக்கும் பிழை. அடைப்பின் உள்ளே இருப்பதையும் அதே வரியில் வகையிட்டு மாற்றிவிடுவது அதற்கு அடுத்தது.

எக்ஸின் வர்க்கத்துக்குச் சைன் எடுப்பதும், சைன் எக்ஸை வர்க்கமாக்குவதும் எழுதும்போது ஒன்றுபோலத் தோன்றும். முன்னதில் கடைசிச் செயல் சைன். வகைக்கெழு, எக்ஸ்²-இன் கோசைனை 2எக்ஸால் பெருக்கியது. பின்னதில் கடைசிச் செயல் வர்க்கம். வகைக்கெழு, சைன் எக்ஸையும் கோசைன் எக்ஸையும் பெருக்கியதன் இருமடங்கு. இந்த இரண்டையும் அருகருகே எழுதி, எதனால் வேறுபடுகின்றன என்று இன்னொருவருக்கு விளக்கிச் சொல்ல முடிந்தால் சங்கிலி விதி உங்களுக்கு வந்துவிட்டது.

பெருக்கல் விதியை மறந்து இரண்டு வகைக்கெழுக்களையும் நேரடியாகப் பெருக்குவது இன்னொரு பழக்கம். எக்ஸ்²-ஐயும் எக்ஸ்³-ஐயும் பெருக்கினால் எக்ஸின் ஐந்தாம் அடுக்கு. அதன் வகைக்கெழு, எக்ஸின் நான்காம் அடுக்கின் ஐந்து மடங்கு. தனித்தனியாக வகையிட்டுப் பெருக்கினால் 6எக்ஸ்³ என்று வந்து நிற்கும், அடுக்கே பொருந்தவில்லை. வகுத்தல் விதியில் தொகுதியில் வரும் கழித்தலின் வரிசை மாறிவிட்டால் விடையின் குறியே தலைகீழாகும். பகுதியில் ஒரே ஓர் அடுக்கு மட்டும் இருந்தால் வகுத்தல் விதியைத் தொடவே வேண்டாம்; உறுப்புகளைப் பிரித்து எதிர்ம அடுக்காக எழுதிவிட்டால் இரண்டு வரியில் முடியும்.

எக்ஸ் அடுக்கில் இருக்கும்போது அடுக்கு விதி செல்லாது. 2-ஐ எக்ஸ் அடுக்குக்கு உயர்த்திய சார்பின் வகைக்கெழு, அதே சார்பை 2-இன் இயல் மடக்கையால் பெருக்கியது. எக்ஸ் 3 ஆகும்போது 8 × 0.6931, அதாவது ஏறத்தாழ 5.545. அடுக்கு விதியைத் தவறாகப் போட்டவருக்கு 3 × 4 = 12 வரும். எது சரி என்று வரையறையே சொல்லிவிடும்: எக்ஸுக்கு 3.001 கொடுத்துக் கிடைத்த மதிப்பிலிருந்து 8-ஐக் கழித்து 0.001-ஆல் வகுத்தால் 5.547 வரும். எந்த வகைக்கெழுவையும் இப்படி அரை நிமிடத்தில் சரிபார்க்கலாம். கணிப்பான் அனுமதிக்கப்படும் தேர்வுகளில் இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன்; விடைப் பட்டியலைத் தேடிப் பின்பக்கம் புரட்டுவதைவிட இது நல்ல பழக்கம்.

பயிற்சியின் அளவு பற்றி: ஒரே விதிக்கான ஐம்பது கணக்குகளைத் தொடர்ந்து செய்வதில் பெரிய பயன் இல்லை. தலைப்பே எந்த விதி என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு விதிக்கும் பத்துக் கணக்கு செய்தபின், எல்லா விதிகளும் கலந்துவரும் கலவைப் பயிற்சிக்கு மாறிவிடுங்கள். முதல் சுற்றில் வகையிட வேண்டாம். ஒவ்வொரு கணக்கின் அருகிலும் கடைசிச் செயலின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டே போங்கள். இரண்டாம் சுற்றில் செய்து முடியுங்கள்.

எக்ஸும் ஒய்யும் கலந்துவரும் சமன்பாட்டை அப்படியே வகையிடும் உட்படு வகையிடல் தனி விதி அன்று. ஒய் என்பது எக்ஸின் சார்பு என்பதை மறக்காமல் சங்கிலி விதியைப் போடுவதுதான். ஒய்²-ஐ வகையிட்டால் 2ஒய் மட்டும் எழுதி நிறுத்தாமல் அதை ஒய்யின் வகைக்கெழுவான டிஒய்/டிஎக்ஸால் பெருக்குங்கள்.

6. பயன்பாட்டுக் கணக்குகளுக்கு முதலில் படம், பிறகு சமன்பாடு

இந்தப் பகுதியில் நுண்கணிதம் ஒரு வரிதான். மீதி எல்லாம் வாக்கியத்தைச் சமன்பாடாக்கும் வேலை. சார்ந்த வீதங்களில் ஒரு பழைய கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் அடி, விநாடிக்கு 0.5 மீட்டர் வீதம் சுவரைவிட்டு விலகுகிறது. அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கும் கணத்தில் நுனி எவ்வளவு வேகமாக இறங்குகிறது? எக்ஸ்² + ஒய்² = 25 என்று எழுதி, நேரத்தைப் பொறுத்து இருபுறமும் வகையிட வேண்டும். அதன் பிறகே எக்ஸுக்கு 3, ஒய்க்கு 4 என்று பொருத்த வேண்டும். விடை விநாடிக்கு 0.375 மீட்டர் கீழ்நோக்கி. வகையிடுவதற்கு முன்பே 3-ஐப் பொருத்திவிட்டால் மாறிக்கொண்டிருக்கும் நீளம் மாறிலியாகி, அதன் வகைக்கெழு சுழியாகி, கணக்கே காணாமல் போகும். எழுத்தில் வகையிடுங்கள், எண்ணைப் பிறகு பொருத்துங்கள். விடையின் குறியையும் அலகையும் எழுத மறக்காதீர்கள்.

பெருமம், சிறுமம் காணும் கணக்குகளில் வகைக்கெழுவைச் சுழிக்குச் சமமாக்கியதோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். எக்ஸ்³ − 3எக்ஸ் என்ற சார்பின் மிகப் பெரிய மதிப்பை 0 முதல் 3 வரையிலான மூடிய இடைவெளியில் கேட்டால், வகைக்கெழு சுழியாகும் புள்ளி அங்கே 1 மட்டுமே. அதில் சார்பின் மதிப்பு −2. ஓரப்புள்ளி 0-இல் மதிப்பு 0, ஓரப்புள்ளி 3-இல் 18. ஆகவே மீப்பெரு மதிப்பு 18. ஓரங்களைப் பார்க்காதவர் மீச்சிறு மதிப்பை எடுத்து மீப்பெரு மதிப்பு என்று எழுதிவிடுவார். வகைக்கெழு இல்லாத புள்ளிகளையும் பட்டியலில் சேருங்கள். எக்ஸ்³-க்குச் சுழியில் வகைக்கெழு சுழிதான். ஆனால் அங்கே பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை.

வளைவரை வரையும் கணக்குகளுக்கு முதல் வகைக்கெழு, இரண்டாம் வகைக்கெழு ஆகியவற்றின் குறிகளை ஓர் அட்டவணையாக எழுதுவது போதும். டெஸ்மோஸில் போட்டுப் பார்ப்பதைக் கையால் வரைந்த பிறகு மட்டும் செய்யுங்கள்.

7. தேற்றங்களின் நிபந்தனைகளை வாக்கியமாக எழுதுங்கள்

இடைமதிப்புத் தேற்றம், ரோலின் தேற்றம், சராசரி மதிப்புத் தேற்றம் ஆகியவற்றில் மதிப்பெண் கிடைப்பது நிபந்தனைகளைச் சரிபார்த்து எழுதுவதற்குத்தான். மூடிய இடைவெளியில் தொடர்ச்சி, திறந்த இடைவெளியில் வகையிடத்தக்க தன்மை என்ற இரண்டையும் குறிப்பிடாமல் சராசரி மதிப்புத் தேற்றத்தின் முடிவை மட்டும் எழுதினால் பாதி விடைதான்.

பின்னத்தின் மேலையும் கீழையும் வகையிட்டு எல்லையைக் காணும் லோபிதால் விதிக்கும் இதே எச்சரிக்கை. 0/0 அல்லது முடிவிலி/முடிவிலி என்ற வடிவம் வந்தால் மட்டுமே அது செல்லும். (எக்ஸ்² + 1) என்பதை (எக்ஸ் + 1)-ஆல் வகுத்த பின்னத்துக்கு, எக்ஸ் 1-ஐ நெருங்கும்போது எல்லை 1. யோசிக்காமல் மேலும் கீழும் வகையிட்டால் 2 என்ற தவறான விடை வரும். இந்த விதியில் தொகுதியையும் பகுதியையும் தனித்தனியாகத்தான் வகையிட வேண்டும். வகுத்தல் விதிக்கு இங்கே இடமில்லை.

8. வாரத்தை எப்படிப் பிரிப்பது

ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரத் தனிப்படிப்பு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இந்தப் பாடத்துக்கு அது மிகை இல்லை. ஆனால் அந்த நேரத்தை வார இறுதியில் குவித்துவைப்பது பயன் தராது. வகுப்புக்கு முந்தைய நாள் இருபது நிமிடம் அடுத்த பகுதியைப் புரட்டிப் பாருங்கள்; புரியவேண்டிய கட்டாயம் இல்லை, சொற்கள் காதுக்குப் பழகியிருந்தால் போதும். வகுப்பு நடந்த அன்றே, ஆசிரியர் கரும்பலகையில் செய்துகாட்டிய கணக்குகளைக் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு மீண்டும் செய்யுங்கள். பார்த்துப் புரிந்துகொண்ட கணக்கு வேறு, பார்க்காமல் எழுத முடிந்த கணக்கு வேறு. எந்த வரியில் நின்றுபோகிறீர்கள் என்பதே உங்களுக்குத் தேவையான தகவல்.

பிழைகளுக்கென்று தனியாக ஒரு நோட்டு வையுங்கள். பிழையான வரி, சரியான வரி, பிழையின் வகை ஆகிய மூன்றும் போதும். வகை என்பதில் ‘கவனக்குறைவு’ என்று எழுதிக்கொண்டு தப்பிக்கக்கூடாது. கூட்டல் கழித்தல் குறியில் பிழை, உள் வகைக்கெழு விடுபட்டது, பின்னச் சுருக்கம் என்று குறிப்பாக எழுதுங்கள். நான்கைந்து வாரத்தில், உங்கள் பிழைகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வகைகளுக்குள் அடங்கிவிடுவதைக் காண்பீர்கள்.

படம் எடுத்தால் விடை தரும் செயலிகளும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இப்போது எல்லோர் கையிலும் இருக்கின்றன. நீங்கள் ஒரு கணக்கை முடித்தபின் எந்த வரியில் பிழை என்று கண்டுபிடிக்க அவை உதவும். முயல்வதற்கு முன்பே திறந்தால், கணக்கைப் படித்த நிறைவு மட்டும்தான் மிஞ்சும். அவை தரும் விடையையும் ஐந்தாம் படியில் சொன்ன 0.001 சோதனைக்கு உட்படுத்துங்கள்.

தனிப்பயிற்சிக்குப் பணம் செலவழிக்குமுன், கட்டணத்தில் ஏற்கெனவே அடங்கிய உதவிகளைப் பயன்படுத்தித் தீருங்கள். ஆசிரியரின் சந்திப்பு நேரம், பயிற்சி வகுப்பு, பல பல்கலைக்கழகங்களில் இயங்கும் கணித உதவி மையம் ஆகியவை பருவத் தொடக்கத்தில் காலியாகவும் தேர்வுக்கு முன்னால் நெரிசலாகவும் இருக்கும். போகும்போது ‘சங்கிலி விதி புரியவில்லை’ என்று போகாதீர்கள்; நின்றுபோன கணக்கை, நின்றுபோன வரியோடு எடுத்துச் செல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் தீர்வு கிடைக்கும்.

9. தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்கள்

முதல் வாரத்தில் பழைய வினாத்தாள்களைத் தலைப்புவாரியாகப் பிரித்து, எந்தப் பகுதி எவ்வளவு மதிப்பெண் பெறுகிறது என்று எண்ணுங்கள். இரண்டாம் வாரத்தில் பலவீனமான தலைப்புகளுக்கு மட்டும் நேரம் கொடுங்கள். மூன்றாம் வாரத்தில் முழுத் தாள்களைக் கடிகாரம் வைத்து, தேர்வறையில் அனுமதிக்கப்படும் பொருள்களை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுங்கள். வாய்பாட்டுத் தாள் கொடுக்கப்படும் தேர்வு என்றால் அதே தாளை வைத்துப் பழகுங்கள். அதில் எது இல்லை என்பதே நீங்கள் மனப்பாடம் செய்யவேண்டிய பட்டியல்.

நேரத்தை மதிப்பெண்ணால் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்தில் 100 மதிப்பெண் என்றால், சரிபார்க்கப் பத்து நிமிடம் ஒதுக்கியபின் 10 மதிப்பெண் கேள்விக்குப் பதினேழு நிமிடம். அதைத் தாண்டினால், வந்த வரை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். இடைவரிகளுக்கும் மதிப்பெண் உண்டு என்பதால், சுருக்க முடியாமல் நிற்கும் சரியான வகைக்கெழுவை ஒருபோதும் அடித்துவிடாதீர்கள். கேள்வியில் சுருக்கச் சொல்லவில்லை என்றால் சுருக்கவே வேண்டாம். இரண்டாம் படியில் சொன்ன பிழைகளுக்கு நீங்களே வாய்ப்புக் கொடுப்பதாக முடியும். விடைத்தாளைத் திரும்பப் பார்க்க அனுமதி இருக்கும் இடங்களில், அதற்கான விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் முடிவு வெளியான சில நாட்களுக்குள்ளேயே வந்துவிடுவது வழக்கம். ஆகவே முடிவு வரும் நாளிலேயே தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்ச்சி பெற்றிருந்தாலும் விண்ணப்பிப்பது நல்லது, ஏனென்றால் அடுத்து வரும் தொகை நுண்கணிதத்தில் அதே சங்கிலி விதி தலைகீழாக வரும்.